ஆர்வியில் குடியிருப்பவர்கள் கவனத்துக்கு: ஒன்றும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஐ-40 சாலை வழியாகப் போகிறவர்கள், அதுவும் எங்களைப் போல வீட்டைக் காலி செய்துவிட்டு ஆர்வியிலேயே (சமையலறை, படுக்கையோடு வீடாகவே கட்டிய வண்டி) குடியிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன ஜூலையில் அங்கே ஒரு ரிப்பேர் பட்டறையில் எங்களுக்கு 3,480 டாலர் போனது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மூன்று நாள் எங்கள் வீட்டை வேறொருவர் பூட்டி வைத்திருந்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது ஃபோர்டு இ-450 வேனின் சேஸி (அடிச்சட்டம்) மேல் கட்டிய, கிளாஸ் சி என்ற வகை ஆர்வி. பத்து சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நானும் மனைவியும் ஆறு வயது மகளும் இரண்டு வருஷமாக அதில்தான் இருக்கிறோம். அன்று பார்ஸ்டோவில் டேங்க் முழுக்க நிரப்பிக்கொண்டு கிழக்கே கிளம்பினோம். ஓர் ஏற்றத்தில் வண்டி உதற ஆரம்பித்தது, இழுவையே இல்லை, செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. ஓரம் கட்டினேன். வெளியே 43 டிகிரி.

நின்றுபோன வண்டியை இழுத்துப்போகும் டோ வண்டி வர மூன்று மணி நேரம் ஆனது. வழியில் வண்டி நின்றால் உதவும் எங்கள் ரோட்சைடு திட்டத்தில் பக்கத்துப் பட்டறை வரைக்கும்தான் இலவசம், அதற்கு மேல் மைல் கணக்கில் காசு. எந்தப் பட்டறை என்று டோ ஓட்டுநரே சொன்னார், நானும் சரி என்றேன். வெள்ளிக்கிழமை மாலை. முதலாளி ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன், 600 டாலருக்குள் முடிந்துவிடும்" என்றார். தாளில் என் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. பிள்ளை வெயிலில் வாடி நின்றாள். போட்டுவிட்டேன்.

சனி, ஞாயிறு மோட்டலில். திங்கள்கிழமை போனபோது ஃபியூயல் பம்ப் மாற்றியாச்சு, பத்து இக்னிஷன் காயிலும் (சிலிண்டருக்கு ஒன்றாக, தீப்பொறிக்கு மின்சாரம் தருவது) மாற்றியாச்சு, 3,480 என்று பில் வந்தது. மாற்றும் முன் ஒரு போன்கூட இல்லை. பழைய பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார். பணம் கட்டினால்தான் சாவி, கிரெடிட் கார்டு வாங்குவதில்லை. வண்டிக்குள் எங்கள் துணி, மனைவியின் ஆபீஸ் லேப்டாப், பொங்கி வழிந்த இட்லி மாவு. "அப்பா, நம்ம வீட்டை ஏன் பூட்டி வச்சிருக்காங்க?" என்று மகள் கேட்டாள். டெபிட் கார்டில் கட்டினேன்.

வெளியே வந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. பெட்ரோல் முள் நான் விட்ட இடத்திலேயே நின்றது. அப்போது அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

ஆறு வாரம் கழித்து அரிசோனாவில், ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் மறுபடி அதே உதறல். அங்கே வந்த மொபைல் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார், P0304 என்று பழுதுக் குறியீடு (கோட்) வந்தது. நான்காவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு காயிலாகக் கழற்றிக் காட்டினார். ஒன்றுதான் புதிது, மற்ற ஒன்பதும் பழையவை. அப்புறம் வண்டிக்கு அடியில் என்னையும் படுக்கச் சொன்னார். இந்த வண்டியில் ஃபியூயல் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, மாற்றுவதென்றால் பெட்ரோலை வடித்து டேங்கை இறக்க வேண்டும். டேங்கைத் தாங்கும் பட்டைகளின் போல்ட்டில் வருஷக்கணக்கான மண் அப்படியே ஒட்டியிருந்தது. யாரும் தொடவே இல்லை. பெட்ரோல் முள் ஏன் அசையவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு காயில், ஒரு ஸ்பார்க் பிளக் மாற்றி 190 டாலர் வாங்கிக்கொண்டு போனார், அவருக்குப் புண்ணியம்.

கலிஃபோர்னியாவில் வேலைக்கு முன்பே மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும், அதைத் தாண்டினால் நம்மிடம் கேட்க வேண்டும். தாளில் கையெழுத்திடும்போதே பழைய பாகங்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டால் திருப்பித் தர வேண்டும். நான் வேலை முடிந்த பிறகு கேட்டேன். என்ன ரிப்பேர், ஓடோமீட்டரில் எத்தனை மைல் என்று எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவதே அங்கே தப்பு. செய்த வேலைக்குப் பணம் வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டுதான், ஆனால் அது நாம் சம்மதித்த வேலைக்கு. சாதாரணக் காரென்றால் விட்டுவிட்டு வாடகைக் காரில் வீட்டுக்குப் போய், அங்கிருந்து சண்டை போடலாம். நமக்குப் போக வேறு வீடு இல்லை. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் சாவியைக் கொடுக்கும் முன்பே மருந்து, பாஸ்போர்ட், லேப்டாப், பிள்ளையின் சாமான்களை வெளியே எடுத்துவிடுங்கள். கையில் இந்தப் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஒரு கோட் ரீடர் வைத்துக்கொள்ளுங்கள், 30 டாலருக்குக் கிடைக்கிறது. எந்த சிலிண்டர் என்று அன்றே எனக்குத் தெரிந்திருந்தால், பில்லில் பத்து காயில் என்று பார்த்ததுமே ஏன் என்று கேட்டிருப்பேன்.

கலிஃபோர்னியா மாநில அரசின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பியூரோவில் இணையம் வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். பில், பட்டைகளின் படம், ஃபிளாக்ஸ்டாஃப் மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேர்த்திருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை.