ஈசிஆரில் சமைத்துச் சாப்பிடும் வீடு: கோவளமா, மாமல்லபுரமா, ஆரோவில் பக்கமா?

சென்னையிலிருந்து கிளம்பி, கடலோரத்தில் ஒரு வீடு எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டு வர ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) மூன்று வழி இருக்கிறது. கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில் தனி பீச் ஹவுஸ். மாமல்லபுரம் ஊருக்குள் சமையலறையோடு மாடி வீடு. புதுச்சேரிக்குச் சற்று முன்னால், ஆரோவில்லை ஒட்டிய பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம் பக்கம் தோட்ட வீடு. போட்டோவில் நீச்சல் குளத்தைப் பார்த்துத்தான் பலரும் அட்வான்ஸ் அனுப்புகிறார்கள். கேட்க வேண்டியது தண்ணீரையும் அடுப்பையும் பற்றி.

கோவளம் பக்கத்து பீச் ஹவுஸில்தான் இந்தக் கேள்விக்கு அவசியம் அதிகம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் முட்டுக்காடு கழிமுகமும் பக்கிங்ஹாம் கால்வாயும். நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. மழைநீர் அந்த மணலில் மெல்லிய அடுக்காகத்தான் தேங்கும். மோட்டார் போட்டு இழுக்க இழுக்க, கீழேயிருந்து உப்புநீர் ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் ஓரளவு தேவலை. மே, ஜூனில் வாயில் வைக்க முடியாது. சோப்பு நுரைக்காது, டீ கரிக்கும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் நிற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பை இளக விடாததுதான் காரணம். போர் தண்ணீரைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்க, சோறு வடிக்க, பருப்பு வேக, டீ போட எல்லாம் கேன் தண்ணீரே எடுக்க வேண்டும். எட்டுப் பேர், இரண்டு நாள் என்றால் 20 லிட்டர் கேன் நான்கு. வெயில் காலத்தில் ஐந்து. வீட்டிலேயே இருக்கும் என்று வாட்ச்மேன் சொன்னாலும், எத்தனை கேன், சீல் பிரிக்காததா என்று கேளுங்கள்.

அடுத்தது கேஸ். மீன் குழம்பு பாதி கொதிக்கையில் சிலிண்டர் தீர்ந்தால், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அங்கே மாற்றுச் சிலிண்டர் கிடைப்பது கஷ்டம். போய் இறங்கியதும் ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துவிட்டுக் கவனியுங்கள். காலியான மேல்பாகம் சீக்கிரம் காயும். உள்ளே திரவம் நிற்கும் மட்டத்துக்குக் கீழே ஈரம் தங்கும். அந்தக் கோடு அடியை ஒட்டி இருந்தால் அப்போதே கேர்டேக்கரிடம் சொல்லிவிடலாம்.

இந்த வீடுகளில் 'முழு கிச்சன்' என்றால் பெரும்பாலும் அடுப்பு, ஃப்ரிட்ஜ், நாலு கடாய், ஒரு குக்கர். அந்தக் குக்கரின் கேஸ்கெட் பல நேரம் இறுகிப்போய்க் கிடக்கும். 5 லிட்டர் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால் முக்கால் கிலோ அரிசிதான் எல்லை. எட்டுப் பேருக்கு அது சற்று இழுபறி. சொந்தக் குக்கர், பழகிய தோசைக்கல், அரிவாள்மனை அல்லது நல்ல கத்தி, லைட்டர் இவற்றைக் காரிலேயே போட்டுக்கொள்வது நல்லது. மிக்ஸி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், சட்னி ஜார் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அசைவம் சமைக்க விடாத வீடுகளும் உண்டு. மீன் வாங்கிய பிறகு அது தெரியக் கூடாது.

மீன்தான் இந்தப் பக்கத்தின் பெரிய லாபம். காலையில் கோவளம் கரைக்குப் போனால் சங்கரா, நெத்திலி, இறால் படகிலிருந்தே இறங்கும். செவுளைத் தூக்கிப் பார்த்து, ரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறியிருக்கும்.

மாமல்லபுரம் மாடி வீட்டில் இந்தக் கவலை பாதி குறையும். காய்கறிக் கடை, மளிகை, பால் எல்லாம் நடை தூரம். சமையல் சொதப்பினாலும் ஓட்டல் இருக்கிறது. ஆனால் அங்கே பல இடங்களில் கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கரும் மண்சட்டியும் அதில் சூடாகாது. அடி தட்டையான, காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் விளக்கையும் ஃபேனையும் தாங்கும், 2000 வாட் அடுப்பைத் தாங்காது. ஒத்தவாடைத் தெருப் பக்கம் டெம்போ டிராவலர் நிறுத்த இடமிருக்காது. மாடிக்கு லிஃப்ட் இல்லாத வீடுதான் அதிகம், மூட்டுவலி உள்ள பாட்டியோடு போனால் யோசியுங்கள். சிற்பக் கூடத்துக்குப் பக்கத்து வீடு என்றால் காலையிலேயே கல் அறுக்கும் மெஷின் சத்தம் எழுப்பிவிடும். நாலு பேர் கொண்ட சின்னக் குடும்பத்துக்கு, ஒரே ராத்திரிக்கு, இதைவிட நல்லது கிடையாது.

பொம்மையார்பாளையம் பக்கம் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஒரு ராத்திரிக்காகப் போவது வீண். மூன்று ராத்திரி என்றால் இதுதான் சரி. கடலிலிருந்து விலகிய செம்மண் மேட்டு வீடுகளில் தண்ணீர் பொதுவாகத் தேவலை, மரநிழல் தாராளம், ஆரோவில் ரொட்டியும் சீஸும் பக்கத்திலேயே. 'கடற்கரை எதிரிலேயே' என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்ததில் வடக்கே கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் கரைகள் அரிக்கப்பட்டன. போட்டோவில் இருக்கும் மணல் இன்று கருங்கல் குவியலாக இருக்கலாம். இந்த மாதம் எடுத்த வீடியோ கேளுங்கள். இன்னொன்று: இந்தக் கிராமங்கள் தமிழக எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. புதுச்சேரியில் வாங்கிய மதுவை இங்கே கொண்டுவருவது குற்றம்.

எந்த வீட்டை எடுத்தாலும் கடலில் இறங்குவதில் மட்டும் சமரசம் வேண்டாம். தனி பீச் ஹவுஸ் வாசலில் உயிர்காப்பாளர் யாரும் நிற்க மாட்டார். அலை அமைதியாகத் தெரியும் இடமே பல நேரம் உள்ளே இழுக்கும் நீரோட்டத்தின் வழி. சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். பிள்ளைகளை முழங்கால் ஆழத்துக்கு மேல் விடாதீர்கள்.

சாவி வாங்கியவுடன், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பு, உடைந்த கண்ணாடி, கறை பிடித்த மெத்தை, ஓடாத ஏசி எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காஷன் டெபாசிட் திரும்பி வருவதற்கு அந்த வீடியோதான் சாட்சி.