அம்மாவின் இன்சுலினும் புதன்கிழமைத் தடுப்பூசிப் பெட்டியும்

மே மாத விடுமுறைக்கு மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே, அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பது தெரிந்துவிட்டது. சாப்பாட்டில் மாற்றமில்லை, ஊசி போடவும் தவறவில்லை. மருத்துவர் இரண்டு முறை அளவைக் கூட்டிய பிறகும் வெறும் வயிற்றில் 260-க்குக் கீழே இறங்கவில்லை.

அம்மா போட்டுக்கொள்வது 30/70 கலவை இன்சுலின்; வேகமாக வேலை செய்யும் வகை 30 பங்கும் மெதுவாக வேலை செய்யும் வகை 70 பங்கும் கலந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டினால் பால்போல ஒரே சீரான வெண்மை வர வேண்டிய மருந்து அது. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குப்பியின் உட்புறத்தில் பனி படிந்ததுபோல வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தன. எவ்வளவு உருட்டியும் சில கட்டிகள் கரையாமல் மிதந்துகொண்டே இருந்தன. மருந்து எப்போதோ உறைந்து, பிறகு உருகியிருக்கிறது. உறைந்த இன்சுலினை உருக வைத்துப் பயன்படுத்தக் கூடாது. அதன் வீரியத்தை நம்ப முடியாது. அம்மா அதை ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டில், பின்சுவரை ஒட்டி வைத்திருந்தார். “கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் நல்ல குளிருல வச்சேன் மக்கா” என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது என்பதை இத்தனை ஆண்டுகளில் அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

புதிய மருந்து வாங்க அவரையும் அழைத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய மருந்துக்கடைக்குப் போனேன். கடை சுத்தமாக இருந்தது, பில் உடனே வந்தது, பேச்சும் மரியாதையாக இருந்தது. ஆனால் ஊழியர் உறைபெட்டியிலிருந்து கல்போல இறுகிய ஜெல் பையை எடுத்து, இன்சுலின் அட்டைப்பெட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். வீடு சேரும் வரை மருந்து அந்த ஐஸோடு ஒட்டியே கிடக்கும். கடை ஃபிரிட்ஜில் எத்தனை டிகிரி என்று கேட்டேன். உள்ளே தெர்மாமீட்டர் இல்லை. அக்கறையோடு செய்கிற வேலையே மருந்தைக் கெடுக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அடுத்த புதன்கிழமை, தம்பியின் பத்து வாரக் குழந்தைக்குத் தடுப்பூசி போட ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். கிராம சுகாதார செவிலியர் முன்னால் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி இருந்தது. நான்கு சுவர்களையும் ஒட்டி நான்கு ஐஸ் பேக்குகள், நடுவில் பிளாஸ்டிக் பைக்குள் குப்பிகள். அவர் ஒரு ஐஸ் பேக்கை எடுத்து என் காதருகே குலுக்கிக் காட்டினார். உள்ளே தண்ணீர் சலசலத்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் பெட்டிக்குள் அடுக்கிவிடக் கூடாது, வெளியே வைத்து இந்தச் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் போன்ற ஊசிமருந்து உறைந்து வீணாகிவிடும் என்று விளக்கினார். குப்பியின் மேலிருந்த சிறிய வட்டத்தையும் காட்டினார்: வட்டத்துக்குள் உள்ள சதுரம் வெளிறி இருக்கும் வரை போடலாம், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் அந்த அடையாளம் வெப்பத்தை மட்டுமே காட்டும், மருந்து உறைந்ததைக் காட்டாது என்பதையும் அவரே சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்து வைப்பதும் அவர்களுக்கு அன்றாட வழக்கம்.

காசு வாங்காத இடத்தில் இவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது, மாதந்தோறும் பணம் கொடுத்து வாங்கும் அம்மாவுக்கு மட்டும் அது ஏன் கிடைக்கக் கூடாது என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. அரசு வழியில் வரும் தடுப்பூசிக்கு ஒவ்வொரு கட்டத்திலும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார்; கடையிலிருந்து வீடு வரையுள்ள அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் இல்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதும் எங்கள் மாவட்டத்தில் சும்மா கேட்கும் கேள்வி அல்ல. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்த பிறகு பல நாட்கள் கரண்டு இல்லாதபோது, அம்மா ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலினைப் பாதுகாத்தார். அது நல்ல யோசனைதான். ஆனால் ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் பானை சில டிகிரியே குறைக்கும், ஃபிரிட்ஜுக்கு ஈடாகாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினுக்கு அது போதும். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். மருந்தோடு வரும் தாளில் நாள் கணக்கு இருக்கிறது. பிரிக்காத இருப்புக்குக் குளிர்ச்சி கட்டாயம்.

மஸ்கட் திரும்பும் முன் அதே கடைக்கு மீண்டும் போய், செவிலியர் சொன்னதை உரிமையாளரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த பெட்டியை வாங்கியபோது, சலசலக்கும் ஜெல் பைக்கும் மருந்துக்கும் நடுவே மடித்த செய்தித்தாள் இருந்தது. வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் சிறு தெர்மாமீட்டர் ஒன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நேற்று தொலைபேசியில் அம்மா முதலில் சொன்னது, காலையில் 5, மாலையில் 6 என்பது. சர்க்கரை அளவை அதற்குப் பிறகுதான் சொன்னார்.