அல்சூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்: கரண்ட் வைத்ததற்கு இரண்டு ஸ்டார், தோழியைக் கூப்பிட்டதற்கு ஐந்து

பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். அல்சூர் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். பெங்களூரில் தமிழ் பேசுகிற பிசியோ தேடி அலைந்தவர்களுக்கு எந்த இடம் என்று புரிந்தாலும் புரியும்.

மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. போன வருஷம் த்ரோபால் ஆடும்போது முட்டி பிசகியது. வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்துவிட்டது, வலி மட்டும் எட்டு மாதமாகப் போகவில்லை. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ இரண்டும் நார்மல். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, ‘ஒண்ணுமில்லம்மா, படிப்பு டென்ஷனா இருக்கும்’ என்றார்கள். மாமியார் கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். மாமியார் ஃபீஸ் வாங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த கிளினிக்கில் முதல் இரண்டு வாரம் எல்லா இடத்திலும் நடப்பதுதான் நடந்தது. ஒயர் ஒட்டி கரண்ட் வைத்தார்கள், ஐஸ் வைத்தார்கள், தொடைத் தசைக்கு நாலு பயிற்சி, ஒரு தடவைக்கு 700 ரூபாய். வீட்டுக்கு வந்தால் அதே வலி. பேக்கேஜுக்குப் பணம் கட்டியதை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்தபோதுதான் அந்த சின்ன வயசு பிசியோ மேடம் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, “முட்டிய விடு, ஸ்கூல்ல யார் கூட சாப்பிடுறே?” என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. வகுப்பு இரண்டாம் மாடி, கேன்டீன் கீழே. இறங்க முடியாமல் வகுப்பிலேயே தனியாக டப்பாவைத் திறந்திருக்கிறாள், மாதக் கணக்கில். பி.டி. பீரியடில் மட்டும் இவளுக்கு வலி வரும் என்று ஒரு பேச்சு. இவளை விட்டுவிட்டுப் புதுசாக ஒரு வாட்ஸ்அப் குரூப். தினமும் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்ட எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பெஞ்ச் தோழியைக் கூட்டி வரச் சொன்னார்கள், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. பிளாஸ்டிக் முட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் அந்தப் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொன்னார்: திருடன் போய் ரொம்ப நாளாச்சு, நாய் மட்டும் குரைப்பதை நிறுத்தவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்று தனியாகவே பார்க்கிறார்கள். காயம் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் எச்சரிக்கையைக் குறைக்காமல் வைத்திருக்கலாம், ஸ்கேனில் அது தெரியாது, ஆனால் வலி நிஜம்.

தோழி விவரமான பெண். “அப்போ நேத்து எங்ககூட அவ்ளோ சிரிச்சாளே மேடம்?” என்று நேராகவே கேட்டுவிட்டாள். மேடம் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: “வலிக்குதுன்னு சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டீங்க. அதான்.”

இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு செய்து அனுப்பினார்கள். தோழி ‘வலிக்குதா’ என்று கேட்கக் கூடாது, ‘வர்றியா’ என்றுதான் கேட்க வேண்டும், முடியுமா முடியாதா என்பதை இவள் சொல்லிக்கொள்வாள். நல்லாயிருக்கிற நாளில் ஒரேயடியாக ஆடிவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வது கூடாது, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் பத்து நிமிஷ நடை. அல்சூர் ஏரிக்கரையில் தோழிதான் போனில் அலாரம் வைத்துக்கொண்டு கூட நடக்கிறாள். பத்து நிமிஷம் ஆனதும் இவள் இன்னும் போகலாம் என்றாலும் விடுவதில்லை.

அதற்கப்புறம் நானும் தேடிப் படித்தேன். நாள்பட்ட வலியுள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட நண்பர்கள் குறைவு, கேலிக்கும் அதிகம் ஆளாகிறார்கள் என்று ஆய்வுகளிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை, மருந்து மூன்றையும் சேர்த்துத்தான் பேசுகிறது. இங்கே அந்த நடு விஷயம்தான் ரொம்ப வீக். கவுன்சிலர் மாதத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார், இங்கிலீஷ் மட்டும், இருபது நிமிஷத்தில் முடித்துவிடுகிறார். மகள் ஒரு தடவை போய்விட்டு இனிமேல் வேண்டாம் என்றுவிட்டாள்.

ரிசப்ஷன் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. ஐந்து மணி என்றால் ஐந்தே முக்கால். பத்து தடவைக்கான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லி நச்சரிப்பு, வீட்டுக்கும் ஒரு கரண்ட் மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வேறு. வாங்காதீர்கள்.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் மேடம் இப்போதெல்லாம் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பதில்லை, இந்த வாரம் எத்தனை நாள் கீழே போய் சாப்பிட்டாய் என்றுதான் கேட்கிறார். போன வாரம் நாலு நாள். டப்பாவில் பொடி இட்லியும் இரண்டு கூடுதலாகப் போகிறது, தோழிக்காம்.

போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் போங்கள், அந்த மேடம் இருப்பார். வண்டி நிறுத்த இடம் கிடையாது, மெட்ரோதான் சௌகரியம். கிளினிக் முதல் மாடியில், முட்டி வலிக்காரர்கள் வருகிற இடத்தில் லிஃப்ட் வைக்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. மொத்தம் 22 படி, மகள் எண்ணி வைத்திருக்கிறாள்.