கை சைக்கிளா, மின்தூண்டல் கால் சைக்கிளா?

தண்டுவடக் காயத்துக்குப் பிறகு இதயத்துக்கு வேலை கொடுக்க, கை சைக்கிள்தான் எளிது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையால் சுற்றலாம். 2018 சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் அளவை, அதாவது மிதமான அல்லது கடும் வேகத்தில் 30 நிமிடம், வாரம் 3 முறை, இதிலேயே எட்டிவிடலாம். சிக்கல், தோள்பட்டை. ஏற்கெனவே நாள் முழுக்க நாற்காலியைத் தள்ளிய தோள்பட்டை அல்லவா!

மின்தூண்டலில், அதாவது தோலில் ஒட்டிய மின்முனை வழியே லேசான மின்சாரம் பாய்ச்சும்போது, செயலிழந்த கால்தசைகளே மிதிக்கும். காலில் தேங்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பவும் உதவும். ஆனால் தசைக்குப் போகும் நரம்பே பழுதானால் கால் அசையாது. எலும்பு மெலிந்திருந்தால் முறிவு பயமும் உண்டு. மின்முனை ஒட்டவே நேரம் பிடிக்கும்.

என் ஓட்டு கை சைக்கிளுக்கு. காயம் ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கு மேலே என்றால், எதில் மிதித்தாலும் நாடித்துடிப்பை அளவுகோலாக நம்ப வேண்டாம், அது அவ்வளவாக ஏறாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று பாருங்கள்.