ஸ்டோரிவீவர்: ஊராரே தங்கள் மொழியில் நூல் செய்ய ஒரு தளம்

பிரதம் புக்ஸ் என்னும் இலாப நோக்கற்ற பதிப்பகம் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர், குழந்தைகள் இலவசமாகக் கதை படிக்கும் தளமாகவே பலருக்கும் அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் அதன் உண்மையான பெறுமதி, படிக்கும் பகுதியைவிட எழுதும் பகுதியில்தான் இருக்கிறது என்பேன்.

பாடநூலே அச்சேறாத மொழியைப் பேசும் ஊரிலும் கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை; படம் வரையவும் பக்கம் வடிவமைக்கவும்தான் ஆள் கிடைப்பதில்லை. இத்தளத்தில் ஓவியர்கள் வரைந்த படங்களிலிருந்து வேண்டியதைத் தேர்ந்து, வரிகளைத் தட்டச்சு செய்தால் பக்கம் உருவாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பவருக்கு மூலக்கதையின் வரிகள் அருகிலேயே தெரிகின்றன. படங்களை மாற்றி அடுக்கும் வேலையே இல்லை. இறக்கிக்கொள்ளும் பிடிஎஃப் கோப்பில் மூல ஆசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் என எல்லோர் பெயரும் முறையாக இடம்பெறுகின்றன. தன் தாய்மொழியில் முதல் நூலைச் செய்த ஓர் ஆசிரியைக்கு அது எத்தனை பெரிய அங்கீகாரம்!

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இயங்கும் சூசனா என்னும் அமைப்பு, சந்தாலி, கோரா மொழிகளைப் பேசும் குழந்தைகளுக்கான நூல்களை இத்தளத்தின் வழியே உருவாக்கியிருக்கிறது. இந்திய அரசியலமைப்பு அங்கீகரித்த மொழிகளைப் பட்டியலிடும் 8ஆவது அட்டவணையில் இடம்பெற்ற சந்தாலிக்காவது அந்த அங்கீகாரம் உண்டு. கோரா போன்ற சிறிய மொழிக்கு, ஊராரே முன்வந்து செய்தால்தான் நூல்.

நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0 உரிமத்தில் வெளியாவதால், பெயரைக் குறிப்பிட்டு எவரும் அனுமதி கேளாமலே அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். அதே உரிமம் வணிக நோக்கில் விற்பதையும் அனுமதிக்கிறது. ஒருமுறை வழங்கிய உரிமத்தை, அதன்படி நூலைப் பெற்றவர்களிடமிருந்து திரும்பப் பெறவும் இயலாது. ஆகவே, ஒரு சமூகத்தின் வழிபாட்டோடு பிணைந்த கதைகளை ஏற்றுவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் இதை விளக்கி ஒப்புதல் பெறுவது கட்டாயம் என்று கருதுகிறேன்.

எவரும் வெளியிடலாம் என்பதால் தரம் ஒரே சீராக இராது; குழந்தைகளுக்குத் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. உருவாக்கும் வேலைக்கு இணையம் தேவை என்றாலும், இறக்கிய நூலுக்கு அது தேவையில்லை. புதிதாகத் தொடங்கும் குழுவினர், வாசிக்கத் தொடங்குவோருக்கான 1ஆம் நிலைக் கதை ஒன்றை மொழிபெயர்த்து, அச்சுப்படியைக் குழந்தைகளிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் தடுமாறும் சொற்களைத் திருத்தியபின் வெளியிடுவது நல்லது.