இரவல் கட்டிலும் முதல் மறிக்குட்டியும்: எங்கள் பக்கத்து அறக்கட்டளை எப்படி?

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில், நோயாளிகளுக்குக் கட்டில், மெத்தை இரவல் கொடுக்கிற ஒரு சின்ன அறக்கட்டளையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன்; அதே ஆட்களைக் கோயில் வீதியிலும் சந்தையிலும் காண வேண்டியிருக்கிறது.

முதலே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரவல் கொடுத்துத் திருப்பி வாங்குகிற வேலையில் இவர்கள் வலு கெட்டிக்காரர். சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிற வேலையில் அந்தக் கெட்டித்தனம் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

நான் இவர்களிடம் போனது மாமிக்காக. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது, ஒரு சதம் வாங்கவில்லை. இந்தச் சின்னத் தீவில் இன்னும் மிஞ்சியிருக்கிற பெரிய சொத்து இலவச வைத்தியம்தான். ஆனால் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிற பாட்டை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. கட்டில் வேண்டும், கொமட் கதிரை வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். பழைய வீடுகளில் கக்கூஸ் வளவின் பின்பக்கம் இருக்கும். வாசற்படி இரண்டு மூன்று இறங்கித்தான் போக வேண்டும். வீல்செயார் வாங்கிக் கொடுத்தாலும் அது விறாந்தையோடு நின்றுவிடும்.

தூக்கிப் பிடிக்கப் பிள்ளைகளும் இங்கே இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் 5 இலட்சத்து 83 ஆயிரம். இடையில் சண்டையில் செத்தவர்கள் போக, வெளிக்கிட்டுப் போனவர்களில் பெரும்பாலானோர் அந்த நேரத்து இளம் ஆட்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து வீடியோ கோலில் அழுவார்கள், காசும் அனுப்புவார்கள். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிவிடக் கோலால் முடியாது.

அறக்கட்டளையின் களஞ்சியம் ஒரு பழைய கல்வீட்டின் பின் அறைகள். உள்ளே போனால் முதலில் மூக்கில் ஏறுவது டெற்றோல் மணம். கட்டில்கள் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்பதால் திரும்பி வருகிற ஒவ்வொன்றையும் உரஞ்சிப் பெயின்ற் அடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சிவப்புப் பட்டி. வெளிநாட்டிலிருந்து உறவுகள் கொண்டெய்னரில் அனுப்புகிற மின்சாரச் சாமான்களில் கனடாவிலிருந்து வந்தவற்றுக்கு மட்டும் சிவப்பு ரேப் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. அப்படியே செருகினால் காற்று மெத்தையின் பம்ப் புகைந்துவிடும். ட்ரான்ஸ்போமரோடு சேர்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். ஆசையாசையாக அனுப்பிய சாமான் முதல் நாளே கருகிப்போன கதை இங்கே எத்தனையோ உண்டு. அதைத் தடுக்க ஒரு துண்டு ரேப் போதும் என்று யோசித்த மனிதரைக் காண வேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்களுக்குக் கைபிடி சுற்றித் தலைமாட்டை உயர்த்துகிற கட்டிலும் காற்று மெத்தையும் கொமட் கதிரையும் கிடைத்தன. கட்டிலும் மெத்தையும் சேர்த்து 10,000 ரூபா டிப்பொசிற். திருப்பிக் கொடுக்கும்போது முழுதும் தருவார்கள். டிப்பொசிற் கட்ட இயலாதவர்களிடம் கேட்பதில்லை, கொப்பியில் கையெழுத்து மட்டும். சிலருக்கு இது பிடிக்கவில்லை. “தர்மத்துக்கு என்ன டிப்பொசிற்?” என்று எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் கேட்டார். எனக்கோ அதில்தான் நம்பிக்கை வந்தது. திருப்பிக் கேட்பார்கள் என்றால் சாமானைக் கவனித்துப் பாவிப்போம். அவர்களும் திரும்பி வரும் நாளை நினைத்து அடிக்கடி வந்து பார்ப்பார்கள்.

கட்டில் லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் வந்து இறங்கிய அன்று கூடவே ஒரு பிள்ளையும் வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மெத்தையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தேத்தண்ணியைக்கூடப் பிறகு என்று சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் நிற்பாட்டிப் பாடம் எடுத்தாள்.

“அன்ரி, இந்தக் குமிழை ஆச்சியின்ர நிறைக்குத்தான் திருப்ப வேணும். கூட்டினா கல்லு மாதிரிக் கிடக்கும், குறைச்சா கட்டில் சட்டத்தில முட்டும். இப்ப கையைக் கீழ விடுங்கோ பாப்பம்.”

மாமியின் இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் கையை விடச் சொன்னாள். எலும்பு கையில் தட்டுப்படக்கூடாது. தட்டுப்பட்டால் காற்றுப் போதாது என்று அர்த்தம். மெத்தையில் குழாய் குழாயாக அறைகள். சில நிமிடத்துக்கு ஒருக்கால் ஒரு வரிசை வற்ற, மற்ற வரிசை ஊதும். அதனால் ஒரே இடம் தொடர்ந்து அமுங்கிக் கிடக்காது, தோலுக்கு இரத்தம் ஓடும். அதற்கு மேல் நாங்கள் பழக்கதோசத்தில் பழஞ்சேலை, போர்வை, றப்பர் சீற் என்று அடுக்கி வைத்திருந்தோம். எல்லாவற்றையும் இழுத்தெடுத்துவிட்டு ஒரேயொரு மெல்லிய பருத்தி விரிப்பை மட்டும் விட்டாள். கெண்டைக்காலுக்குக் கீழ் தலையணை வைத்துக் குதிக்கால் அந்தரத்தில் நிற்கச் செய்தாள். “மெத்தை இருக்கெண்டு விட்டுடாதேங்கோ, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டத்தான் வேணும்” என்று சொன்னதை மாமியையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். மாமி ஓய்வுபெற்ற ரீச்சர். தன்னைப் பாடம் ஒப்புவிக்கச் சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் மெத்தைகள் இறங்கி வீடு வீடாகக் கோல் வந்ததாம். அதன் பிறகு பம்பிலிருந்து குழாயைக் கழற்றி அதன் மூடியைப் போட்டு அடைக்கப் பழக்குகிறார்கள். கொஞ்ச நேரத்துக்காவது காற்று நிற்கும். அந்த மூடி தொலைந்துபோகாமல் நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறது.

மாமிக்குப் படுக்கைப்புண் வரவில்லை. இதற்கு மேல் அந்தச் சேவைக்கு நான் என்ன சான்றிதழ் கொடுக்க?

இதே புத்தி ஆட்டுத் திட்டத்திலும் இருக்கிறது. குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்களுக்கு ஒரு மறியாடு, அதாவது பெட்டையாடு, கொடுப்பார்கள். காசு வேண்டாம்; அது போடுகிற முதல் மறிக்குட்டியை வளர்த்து அடுத்த பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். ஆடு சினைப்பட்டு ஐந்து மாதத்தில் குட்டி போடும், ஆகையால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருக்கிறவவுக்கு ஆடு கிடைத்தது. அடுத்த வரிசைக்காரி அயலில்தான். ஆடு சினை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பூவரசங்குழை ஒடித்துக்கொண்டு வேலியடிக்கு வந்துவிடுவாள். குட்டி ஈன்ற அன்று விடியவே வேலிக்கு மேலால் எட்டி “மறியோ கிடாயோ?” என்று கேட்ட கேள்வி எங்கள் அடுக்களை வரை கேட்டது. கிடாய். அவளுடைய முகம் தொங்கியதும், பின்வளவுக்காரி “அடுத்த முறை கட்டாயம் மறிதான், நீ குழையை நிப்பாட்டாதை” என்று சொன்னதும் நல்ல பகிடி. ஆனால் பாருங்கள், அந்த ஆட்டைக் கண்காணிக்க அறக்கட்டளை சம்பளத்துக்கு ஆள் வைக்கத் தேவையில்லை. காத்திருக்கிறவளே கண்காணிக்கிறாள்.

நுண்கடன்காரர் வாராவாரம் வாசலில் வந்து நின்ற கதை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். 2018 இல், வறட்சி அடித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுத்துத் தள்ளுபடி செய்கிற அளவுக்கு அது முற்றிப் போயிருந்தது. ஆட்டுக்கு வட்டி இல்லை; ஒரு குட்டி கொடுத்தால் கணக்கு முடிந்தது.

சரி, இனிக் குறை.

தையல் மெசின் கொடுத்தார்கள். பானர் கட்டி, பிரதம விருந்தினர் கூப்பிட்டு, மெசினுக்கு மாலை போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒருவரும் வந்து பார்க்கவில்லை. நூறு யார் தூரத்துக்குள் நாலு வீட்டில் மெசின் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? ஆயத்த உடுப்பு ரவுண் கடைகளில் மலிவாகக் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மெசினில் இப்போது ரீவி இருக்கிறது. கோழிக்குஞ்சுத் திட்டமும் அதே கதை. குஞ்சு வந்தது, கூடு வரவில்லை. மழைக்குள் நோய் வந்து பாதி செத்தது, மீதியைக் கீரி கொண்டுபோனது. மெத்தைக்கு அடியில் கை விட்டுப் பார்க்கச் சொன்ன அதே அமைப்புத்தானா இது என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

புத்தகப்பை கொடுப்பதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கட்டில் தருகிறபோது இவர்கள் படம் எடுப்பதில்லை. நோயாளியின் வீட்டுக்குள் கமரா கொண்டு வரமாட்டார்கள். அவ்வளவு மரியாதை. அதே ஆட்கள் சனசமூக நிலைய முற்றத்தில் பிள்ளைகளை வெயிலில் இருத்தி, விருந்தினர் வரும்வரை காக்க வைத்து, ஒவ்வொருவராக மேடைக்கு ஏற்றிப் பையோடு படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்தானே? கிழவிக்கு இருக்கிற மானம் பத்து வயதுப் பிள்ளைக்கு இல்லையா? நேரிலேயே கேட்டேன். “படம் இல்லாட்டி அங்கயிருந்து காசு வராது அக்கா” என்றார் பொறுப்பானவர். கட்டிலுக்கு எப்படி வருகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பின்னேரக் கணித, ஆங்கில வகுப்பு பரவாயில்லை. ரியூற்றரிக்குக் காசு கட்ட இயலாத ஓ.எல் பிள்ளைகளுக்கு உதவி. வாத்தியார் அடிக்கடி மாறுவது மட்டும் தொல்லை.

தீவுப்பகுதி இன்னொரு மனக்குறை. வேலணை, புங்குடுதீவுக்குத் தாம்போதி இருப்பதால் லான்ட்மாஸ்ரர் போகிறது, கட்டிலும் போகிறது. குறிகட்டுவான் துறையோடு சரி. அங்கிருந்து படகேற வேண்டிய நெடுந்தீவு, நயினாதீவுக்கு இரவல் சாமான் போவதில்லை. கட்டில் போகாவிட்டாலும் கொமட் கதிரையும் காற்று மெத்தையும் மடித்துப் படகில் ஏற்றக்கூடியவைதான். ஆளில்லாத கிழவர்கள் அதிகம் இருக்கிற இடமே அதுதான்.

யாருக்குக் கொடுப்பது என்று தெரிவு செய்வதில் நேர்மை இருக்கிறது. 2023 இல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித்தொகைத் திட்டம் வந்தபோது பட்டியலில் பெயர் வராத ஏழைகளை நாங்கள் எல்லாரும் கண்டோம். இவர்கள் அந்தப் பட்டியலோடு நிற்காமல் வீட்டுக்கு வந்து அடுக்களையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அப்படி நேரில் பார்த்த பிறகும் விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) கடிதம் கேட்பதுதான் ஏன் என்று விளங்கவில்லை. மாமியைக் கட்டிலில் விட்டுவிட்டுக் கடிதத்துக்கு அலைந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. கணக்கறிக்கை வருடாவருடம் வாசல் பலகையில் ஒட்டியிருக்கும். எதற்கு எவ்வளவு என்று தமிழில், சாதாரண ஆள் வாசிக்கக்கூடிய மாதிரி.

அந்தப் பலகையில் என் கண்ணில் பட்ட விசயத்தை வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள் கவனித்தால் நல்லது. செத்தவர்களுக்கான ஆட்டத்திவசம், அந்தியேட்டி, இல்லாவிட்டால் பிறந்தநாள் என்றால் எல்லாரும் முதியோர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்குத்தான் காசு அனுப்புகிறார்கள். அப்பா பெயரில் பாயாசத்தோடு பந்தி வைத்தால் மனம் நிறைகிறது, பிழை சொல்லவில்லை. ஆனால் அப்பா பெயரில் பெரியவர்களுக்குக் கட்டுகிற பம்பர்ஸ் (டயப்பர்) கொடுக்க ஒருவருக்கும் மனம் வராது. படுக்கையில் கிடக்கிற ஒருவருக்கு மாதம் மாதம் ஆகிற பெரிய செலவு அதுதான். விலையோ 2022 நெருக்கடியில் ஏறியது, இன்னும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. களஞ்சியத்தில் அந்த இறாக்கை மட்டும் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், பின்னேரம் கண்காணிப்புக்கு வெளிக்கிட்டுவிடுவார்கள், போனும் எடுக்க மாட்டார்கள். அடையாள அட்டைப் பிரதியும் ஆஸ்பத்திரித் துண்டும் கொண்டு போங்கள். விதானையாரின் கடிதத்தை முதலே எடுத்து வையுங்கள். கட்டில் வைக்கப் போகிற அறைக் கதவின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். பழைய வீட்டு இரட்டைக் கதவு என்றால் இரண்டு பக்கமும் திறந்து அளக்க வேண்டும். கொடுக்க நினைப்பவர்கள் பம்பர்ஸில் பெரிய சைசாகப் பார்த்து வாங்குங்கள். நடுத்தர சைஸ் இப்போதைக்குப் போதுமாம்.