சொண்டு வெடிப்புக்குப் பூசினதுகள்: ஒரு நாயனக்காரன்ர மதிப்பீடு

நான் நாதஸ்வரம் ஊதுறவன். முல்லைத்தீவுப் பக்கம். கோயில் மேளம், கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு கூப்பிட்ட இடமெல்லாம் போறனான். அதால சொண்டுக்குப் பூசுற சாமானில எனக்கு ரெண்டு கேள்வி இருக்கு. வெடிப்பு மாறுமோ எண்டது ஒண்டு. சீவாளியை, அதுதான் நாயனத்தின்ர வாயில செருகி ஊதுற நாணல் துண்டை, பழுதாக்குமோ எண்டது மற்றது. கடைக்காரருக்கு முதல் கேள்விக்கே ஒழுங்கான மறுமொழி தெரியாது, ரெண்டாவதைக் கேட்டால் என்ர முகத்தைப் பார்ப்பினம்.

மற்ற ஆக்களுக்குச் சொண்டு வெடிச்சால் சிரிக்கேக்க நோகும், உறைப்புக் கறி பட்டால் எரியும், உப்புக் கச்சான் தின்னேலாது. எனக்கு உழைப்பே அதில. சீவாளியைக் கவ்வுறது சொண்டு. ஒரு சுரத்தை அரைவாசி, கால்வாசி எண்டு வளைச்சு எடுக்கிறதுக்கு விரல் மட்டும் காணாது, சொண்டின்ர அழுத்தமும் மூச்சும் சேரவேணும். மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்து, தவில்காரர் கெட்டிமேளத்தைத் தொடங்கின பிறகு, கொஞ்சம் பொறுங்கோ சொண்டு வெடிச்சிட்டுது எண்டு ஆருக்குச் சொல்லுறது?

வெடிப்பு வாறது சோளகக் காத்தோட. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியிற கையோட அந்தக் காத்து எழும்பும். மலைநாட்டுக்கு அங்கால மழையைக் கொட்டிப்போட்டு எங்கட பக்கம் வெறுங்காத்தா, வரண்டு, புழுதியை அள்ளிக்கொண்டு வரும். புரட்டாதி மட்டும் இதுதான் கதை. கோயில் திருவிழாக்கள் கனக்க வாறதும் அந்த மாதங்களிலதான். ஏ-9 வீதியில மோட்டச்சைக்கிளில மாங்குளத்தால போய்க் கிளிநொச்சியில இறங்கேக்க வாய் முழுக்க மண் நறநறக்கும். காத்துக்கு மேல வெயில். கோயில் வீதி சுத்தேக்க சாமிக்குக் குடை பிடிப்பினம், முன்னால நடக்கிற மேளகாரருக்கு ஒருத்தரும் பிடிக்கிறேல்ல.

எனக்குக் கீழ்ச்சொண்டின்ர நடுவில ஒரு வெடிப்பு. சீவாளியின்ர விளிம்பு போய் இருக்கிறதும் சரியா அந்த இடத்தில. ஆலாபனை முடியுமட்டும் மூடிக்கொண்டிருக்கும், கீர்த்தனையின்ர சரணத்துக்கு வரேக்க திறந்திடும். பிறகு சீவாளியைக் கழட்டிப் பார்த்தால் வெளிர்மஞ்சள் நாணலில மெல்லிசா ஒரு சிவப்புக் கீறு இருக்கும். நல்ல சீவாளி திருவாவடுதுறைப் பக்கத்தில இருந்து வரவேணும். வந்தாலும் அதை ஊதி ஊதிப் பதத்துக்குக் கொண்டுவர நாள் எடுக்கும். அதில ரத்தமும் எண்ணெயும் ஊறினால் ஆருக்குத்தான் வயிறு எரியாது?

முதல்ல தைலம். தடிமனுக்கும் தலையிடிக்கும் பூசுற தைலம்தான் எங்கட மேளச் செற்றில எல்லாத்துக்கும் மருந்து. எங்கட தவில்காரர் அண்ணை அதைக் கைவிரலுக்கும் பூசுவார், சொண்டுக்கும் பூசுவார். பூசின உடன குளிரும். குளிர்ந்தால் மருந்து வேலை செய்யுது எண்டு எங்கட சனத்துக்கு ஒரு நம்பிக்கை இருக்கு. கொஞ்ச நேரத்தால எரியத் தொடங்கும், அடுத்த நாள் தோல் இன்னும் உரியும். கற்பூரம், மென்தோல், யூக்கலிப்டஸ் எல்லாம் வெடிச்ச சொண்டை இன்னும் கோபப்படுத்திற சாமான்கள். 'மருந்து கலந்தது' எண்டு போட்டு விக்கிற சில லிப் பாம்களில பீனோலும் சலிசிலிக் அமிலமும் கிடக்கும். சலிசிலிக் அமிலம் எண்டது ஆணிக்காலுக்குப் பூசித் தோலைக் கழட்டுற மருந்து. அதைக் கொண்டுவந்து ஏற்கெனவே உரிஞ்ச சொண்டில பூசச் சொல்லி ஆர் யோசிச்சினமோ தெரியேல்ல. இதுக்கு என்னட்டைப் புள்ளி இல்லை.

வாசனை லிப் பாம், குச்சி வடிவில வாறது. ஸ்ரோபெறி, புதினா, தோடம்பழம். என்ர மகள் ஃபான்சிக் கடையில எடுத்துத் தந்தவள். வடிவான சாமான், சட்டைப் பொக்கற்றுக்குள்ள நிக்கும். ஆனால் இனிப்பு வாசம் வந்தால் நாக்கு சும்மா இருக்காது, நக்கத்தான் செய்யும். துப்பல் பட்டால் அந்த நேரத்துக்கு ஈரமா இருக்கும். அது காஞ்சு போகேக்க சொண்டில இருந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சாப்பாட்டைக் கரைக்கிறதுக்கு இருக்கிற நொதியங்களும் துப்பலில இருக்கு. உடம்பின்ர மற்றத் தோலில எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறதால அது தன்ரபாட்டில சமாளிக்கும். சொண்டுத்தோல் மெல்லிசு, அந்த வசதி அதுக்கு இல்லை. புதினாவும் கறுவா வாசமும் சில பேருக்கு ஒவ்வாமையும் தரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொண்டைச் சுத்தி வட்டமாக் கறுத்துச் சிவந்து வாறதைப் பார்த்திருப்பியள். அது அநேகமா நக்கிற பழக்கம்.

வீட்டு வைத்தியத்துக்கு வருவம். வன்னிக் காட்டுத்தேன் நல்ல சாமான், அதில எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சொண்டில பூசின தேன் சொண்டில நிண்டதா ஒரு சரித்திரமும் கிடையாது. எருமை நெய்யும் அதே கதைதான், ராவில எறும்பும் வரும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, மெத்தெண்டு இருக்கும், ஆனால் எங்கட வெக்கைக்கு உடன வழிஞ்சு நாடிக்குப் போயிடும். அம்மம்மா சொன்னது தொப்புளுக்கு நல்லெண்ணெய் விடச்சொல்லி. விட்டுப் பார்த்தன். தொப்புள் நல்லா இருக்கு.

இனி வாஸ்லின். மணம் ஒண்டும் இல்லாத, நிறம் ஒண்டும் இல்லாத, பழைய நீல மூடி டப்பா. இதுக்குத்தான் என்ர முழுப் புள்ளியும். இது சொண்டுக்கு ஈரத்தைக் குடுக்கிறேல்ல, இருக்கிற ஈரத்தை வெளிய போக விடாமல் மூடுறது. அதால காஞ்ச சொண்டில பூசிப்போட்டு வேலை செய்யேல்ல எண்டு சொல்லுறதில நியாயம் இல்லை. படுக்கப் போக முதல் தண்ணியால சொண்டை நனைச்சு, துவாயால ஒத்தி, ஈரம் காய முதல் தடிப்பாப் பூசவேணும். விடிய ஈரத்துணியால மெதுவாத் துடைக்க, கழண்டு நிக்கிற தோல் தானா வரும். வராததைப் பல்லாலயும் நகத்தாலயும் பிடுங்காதேங்கோ. விலையைப் பார்த்தால் குச்சியை விடக் கூடத்தான், ஆனால் ஒரு டப்பா ஒரு சோளகத்துக்குக் காணும்.

இந்தச் சாமானைக் கண்டுபிடிச்ச கதையும் எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில பென்சில்வேனியாவில எண்ணெய்க் கிணறு தோண்டின கூலிக்காரர், பம்ப் கம்பியில ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டி எடுத்துத் தங்கட வெட்டுக்காயத்துக்கும் சூட்டுக்காயத்துக்கும் பூசினவை. செஸ்பிரோ எண்டவர் அதைப் பார்த்துச் சுத்தம் செய்து 1872இல காப்புரிமை எடுத்தவர். வேலைசெய்யிற ஆக்கள் கண்டுபிடிச்ச மருந்து, வேலைசெய்யிறவனுக்குத் தோதா இருக்கு.

குறை ஒண்டு இருக்கு, அது எங்கட தொழிலுக்கு மட்டும். வாஸ்லின் பூசின சொண்டோட ஊதினால் சீவாளி வழுக்கும். எண்ணெய்ப் பசை நாணலில ஏறினால் நாதம் மந்தமாப் போகும், மேல் ஸ்தாயி எழும்பாது. அதால மேளம் இருக்கிற நாளில வெளிக்கிட முதல் துடைச்சிடுவன். மேளத்துக்கு நடுவில ஒண்டும் பூசிறேல்ல, தண்ணி மட்டும் குடிப்பன். முடிஞ்சு, நாயனத்தை உறைக்குள்ள வைச்ச பிறகுதான் டப்பாவைத் திறக்கிறது. புல்லாங்குழல்காரருக்கும் இது பொருந்தும் எண்டு நினைக்கிறன். பாட்டுக்காரருக்கு இந்தக் கரைச்சல் இல்லை, குடுத்து வைச்சவை.

சொன்னால் நம்பமாட்டியள், வாஸ்லினோட சேர்த்து எனக்குக் கூட உதவினது பூசின சாமான் இல்லை, மாத்தின பற்பசை. அரச ஆஸ்பத்திரி ஓபீடியில இருந்த டொக்டர் பிள்ளைதான் கேட்டவ, "ஐயா, என்ன பேஸ்ட் பாவிக்கிறியள்?" எண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சொண்டைக் காட்டப் போனால் பல்லைப் பற்றிக் கேக்கிறாவே எண்டு. நுரை வாறதுக்குப் பற்பசையில போடுற சோடியம் லோறில் சல்பேற் சில பேருக்குச் சொண்டையும் வாய்க்கரையையும் எரிக்குமாம். கறுவா, புதினா வாசமும் அப்பிடித்தானாம். நான் பாவிச்ச பேஸ்ட் வாயைத் திறந்தால் அடுத்த வளவுக்கு மணக்கிற சாதி. அதை விட்டு, நுரை குறைஞ்ச, உறைப்பில்லாத ஒண்டுக்கு மாறினன். மாறின பிறகு மேல்ச்சொண்டின்ர எரிவு அடங்கிச்சுது, கீழ்ச்சொண்டு வெடிப்பும் மூடத் தொடங்கிச்சுது. பெட்டியில சின்ன எழுத்தில போட்டிருக்கும், கண்ணாடி போட்டு வாசிச்சு வாங்குங்கோ.

அந்தப் பிள்ளை விற்றமின் பி குளிசையும் எழுதித் தந்தவ. கடைவாய் அவிஞ்சு வெடிக்கிறதுக்கு விற்றமின் பி2 குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமாம். பங்கசு பிடிச்சும் வருமாம், அதுக்கு வேற கிறீம். கட்டுப்பல் போடுற ஆக்கள் அதைக் கவனிக்கவேணும். குளிசை போட்டால் சலம் கடும் மஞ்சளாப் போகும், பயப்படாதேங்கோ, பி2 இன்ர நிறம் அது. எனக்குக் கடைவாய் மாறினது, நடுவெடிப்புக்கு இதால பெரிசா ஒண்டும் நடக்கேல்ல.

பிறகு அவ கையுறை போட்டுக் கீழ்ச்சொண்டை வெளியால மடிச்சு, லைற் அடிச்சு, கன்னத்து உள்பக்கமும் பார்த்தவ. வெள்ளைத் தழும்பு, தடிப்பு, மாறாத புண் ஏதும் கிடக்கோ எண்டு. காலம் காலமா வெயில் பட்ட கீழ்ச்சொண்டில காய்ஞ்சு செதில் கட்டி மாறாமலே நிண்டால் அது வெறும் வெடிப்பா இருக்காமலும் போகலாமாம். இலங்கையில ஆம்பிளையளுக்குக் கூடுதலா வாற புற்றுநோய் வாயில வாறதுதான். வெத்திலை போடாத மேளகாரரை நான் குறைவாத்தான் கண்டிருக்கிறன். "புகையிலையை விட்டிட்டன் பிள்ளை" எண்டன். "புற்றுநோய் வாறதுக்குப் பாக்கு மட்டுமே காணும் ஐயா" எண்டு சொன்னவ. சுண்ணாம்பு சொண்டை அரிக்கிறது வேற. வெத்திலைத் தட்டம் இப்ப வீட்டில அலுமாரிக்கு மேல கிடக்கு, கோயிலில ஆரும் நீட்டினால் வாங்கி மடியில வைக்கிறனான். எத்தினை நாளைக்கு எண்டு தெரியாது. ரெண்டு மூண்டு கிழமை ஒழுங்காப் பூசியும் மாறாத சொண்டைக் கொண்டுபோய்க் காட்டத்தான் வேணும். அதைக் கடைச் சாமானால மூடி மூடி வைக்கக்கூடாது.

கடைசியா, வெயிலுக்குப் பூசுற குச்சி. கனடாவில இருந்து வந்த மச்சாள் கொண்டுவந்தவ. எஸ்பிஎவ் 30, துத்தநாக ஒட்சைட்டு போட்டது. பூசினால் சொண்டு திருநீறு பூசினதைப் போல வெளிறும், ஆனால் கோயில் வீதியில அதை ஆரும் கவனிக்கிறேல்ல. வெயிலில நிண்டு வேலைசெய்யிற ஆக்களுக்கு, வயலில, கச்சான் தோட்டத்தில, நந்திக்கடலில வலை வீசிற ஆக்களுக்கு, பகலில இதுதான் பொருத்தம், ராவில வாஸ்லின். எனக்கு மேளத்துக்கு இதுவும் ஒத்துவராது, பசை சீவாளியில ஏறும். ஆனால் மோட்டச்சைக்கிளில தூரம் போகேக்க பூசிக்கொண்டு போய், இறங்கின உடன கழுவிறனான். ஊரில இந்தச் சாமான் தேடக் கஷ்டம். பார்மசியில கேட்டால் முகத்துக்குப் பூசுற வெள்ளைக் கிறீமைத்தான் எடுத்துத் தருகினம், அது வேற.

வாங்கப் போறவை வாஸ்லின் எண்டு மட்டும் கேக்காதேங்கோ, கொக்கோ மணமோ றோசா மணமோ போட்டதைத்தான் முன்னுக்கு அடுக்கி வைச்சிருப்பினம். மணமில்லாதது எண்டு கேட்டால் பின் தட்டில இருந்து தூசி தட்டி எடுத்துத் தருவினம். மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள மட்டும் வைக்கவேண்டாம், மத்தியான வெயிலுக்கு உருகி மூடியால கசிஞ்சு லைசென்ஸ், இன்சூரன்ஸ் துண்டெல்லாம் ஒட்டிப்போகும்.